யாரைப் பார்த்து நடப்பது? முன்மாதிரி பற்றி ஓர் எளிய விளக்கம்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘என் முன்மாதிரி’ என்ற தலைப்பில் வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக வந்து நின்றாள். தலைப்புக்குக் கீழே ‘அப்துல் கலாம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று.

“அவர்கிட்ட உனக்கு என்ன கண்ணு பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“கடின உழைப்பு, எளிமை, நாட்டுப்பற்று, மாமா.” மூச்சு விடாமல் சொன்னாள்.

“சரி, இதுல ஒண்ணுக்காவது ஒரு சம்பவம் சொல்லு.”

யோசித்தாள். பேனா மூடியைத் திறந்து மூடினாள். கடைசியில், “எங்க வகுப்புல பாதிப் பேர் அவரைத்தான் எழுதியிருக்காங்க” என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. முன்மாதிரி என்றால் பெரிய பெயர் ஒன்றைச் சொல்லி, அதன் பக்கத்தில் நாலு நல்ல குணங்களை அடுக்குவது என்றுதான் நாம் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் விஷயம் இன்னும் நெருக்கமானது. அன்று அவளுக்கு நான் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

‘மாதிரி’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தையற்கடைக்குத் துணி கொடுக்கப் போகும்போது வீட்டுப் பெண்கள் ஓர் அளவு ஜாக்கெட்டையும் எடுத்துப் போவார்கள். புதுத்துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று தையல்காரருக்குக் காட்டத்தான் அது. சில நேரம் இரண்டு ஜாக்கெட் போகும். “கழுத்து இதுல இருக்கற மாதிரி, கை மட்டும் அதுல இருக்கற மாதிரி வைங்க” என்பார்கள். துணி நம்முடையது, அளவு மட்டும் இன்னொன்றிலிருந்து வருகிறது. மனிதர்களை முன்மாதிரியாகக் கொள்வதும் இப்படித்தான். முழு ஆளையும் அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது, தேவையும் இல்லை.

‘ரோல் மாடல்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் கே. மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அவரும் இந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தார். ஒருவரை வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களிலும் பின்பற்ற நினைப்பது வேறு, ஒரு குறிப்பிட்ட பொறுப்பில் மட்டும் அவரைப் பார்த்து நடப்பது வேறு என்றார். ‘ரோல் மாடல்’ என்பது இந்த இரண்டாவது வகை. ‘ரோல்’ என்றால் பொறுப்பு, பாத்திரம். மருத்துவராக ஒருவரை, அப்பாவாக இன்னொருவரை, பக்கத்து வீட்டுக்காரராக வேறொருவரைப் பார்த்து நடக்கலாம். நாளடைவில் நாம் அந்த ‘ரோல்’ என்ற பாதியை மறந்துவிட்டு ‘மாடலை’ மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ரசிகராக இருப்பதையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு நடிகரையோ பாடகரையோ ரசிக்கும்போது அவர் தருவதை வாங்கி மகிழ்கிறோம். அது நல்ல விஷயம்தான். ஆனால் அவரைப் பார்த்து மறுநாள் காலை நாம் ஒரு காரியத்தை வேறு மாதிரி செய்தால்தான் அவர் நமக்கு முன்மாதிரி. குரு என்பவர் நம்மைத் தெரிந்து, நமக்கென்று நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருபவர். முன்மாதிரிக்கு நம்மைத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை.

பார்த்துக் கற்பது எப்படி நடக்கிறது

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் படித்த 72 குழந்தைகள். அவர்களில் சிலர் பார்க்க, ஒரு பெரியவர் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை அடித்தார், உதைத்தார், சுத்தியலால் தட்டினார். தள்ளினால் சாய்ந்து தானாக நிமிர்ந்துகொள்ளும் பொம்மை அது. வேறு சில குழந்தைகள் பார்த்த பெரியவர் பொம்மையைச் சீண்டாமல் அமைதியாக வேறு விளையாட்டுச் சாமானோடு இருந்தார். பிறகு குழந்தைகளைத் தனியே விளையாட விட்டபோது, அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள். சொற்களைக்கூட அப்படியே சொன்னார்கள். அடி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1965-ல் பண்டூரா இதைத் தொடர்ந்து செய்த இன்னொரு சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அடித்த பெரியவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அவரைப் போலச் செய்தார்கள். ஆனால், “அவர் என்ன செஞ்சார், செஞ்சு காட்டு, பரிசு தர்றேன்” என்றதும் அவர்களும் மற்ற பிள்ளைகளைப் போலவே செய்து காட்டினார்கள். பார்த்தது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வெளியே வரச் சமயம் மட்டும் வரவில்லை. இப்படிப் பார்த்துக் கற்பதற்கு நான்கு படிகள் உண்டு என்று பண்டூரா சொன்னார். கவனித்துப் பார்க்க வேண்டும், பார்த்தது நினைவில் தங்க வேண்டும், அதைச் செய்ய நமக்குத் திறன் வேண்டும், செய்ய ஒரு காரணமும் வேண்டும்.

படித்தபோது எனக்கு என் அத்தைதான் நினைவுக்கு வந்தார்.

அத்தை வீடு சேலத்தின் குகைப் பகுதியில். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, சிவதாபுரம் பக்கமெல்லாம் வெள்ளிக் கொலுசு வேலை வீட்டுக்கு வீடு நடக்கும். பட்டறையில் வெள்ளியை எடை போட்டு வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து வேலையை முடித்து, மறுபடி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தை சலங்கை வைக்கும் வேலை செய்தார். உட்காருமுன் ஒரு பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்துத் தரையில் விரிப்பார். சித்திரை வெயிலானாலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். வேலை முடிந்ததும் வேட்டியின் நாலு மூலையையும் தூக்கி நடுவில் தட்டுவார். பிறகு தன் புடவைக் கொசுவத்தை அதன் மேல் உதறுவார். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, “உன் காலைக் காட்டு” என்பார். அந்தப் பக்கம் நான் நடந்திருந்தால் உள்ளங்காலில் ஒட்டியதையும் ஈர விரலால் ஒற்றி எடுப்பார். எல்லாம் சேர்ந்தால் ஒரு காகித மடிப்புக்குள் மூக்குத்தி அளவுக்குத்தான் தூள் இருக்கும். அது கொலுசோடு பட்டறைக்குப் போகும்.

ஒருநாள் இரவு வாங்கி வந்த வெள்ளியைப் பிரித்து எடை பார்த்தவர் மறுபடியும் மறுபடியும் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்ததைவிட 11 கிராம் அதிகம். மாதக் கடைசி. வாடகை பாக்கி என்று மாமாவும் அவரும் காலையில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, “துணைக்கு வாடா” என்றார். பட்டறையில் விளக்கணைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். “எடையில 11 கிராம் கூட வந்திருக்குங்கண்ணா. கணக்கு முடிக்கறப்ப தராசுப் பையன் தலையில விழும், அதான் இப்பவே வந்தேன்.” அவ்வளவுதான் சொன்னார். திரும்பும் வழியில் எனக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நேர்மை, நாணயம் என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நான் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மரவள்ளிக் கிழங்கு வண்டி வந்தால் சுமையோடு எடை போட்டு, இறக்கிய பிறகு காலி வண்டியை எடை போட்டு, மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்து விலை போடுவோம். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு, பகலில் நானே எழுதிய சீட்டைப் பார்த்தபோது காலி வண்டியின் எடையை 200 கிலோ கூடுதலாக எழுதியிருந்தது தெரிந்தது. அந்த விவசாயிக்கு 200 கிலோ கிழங்குக்குப் பணம் போகவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கி, போயே விட்டார். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் என் தப்பு மேலே தெரியும், திட்டும் விழும். நேர்மை பற்றிப் பள்ளியில் படித்த எதுவும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வேட்டியின் நாலு மூலையைத் தூக்கித் தட்டும் சத்தம்தான் வந்தது. அவருக்குப் போன் போட்டேன். மறுநாள் திட்டும் வாங்கினேன்.

பண்டூரா சொன்ன நான்கு படியும் இதில் இருக்கின்றன. கவனித்தது எட்டு வயதில், செய்ய வேண்டிய காரணம் வந்தது முப்பத்தைந்தில். இடையில் இருந்த வருடங்களில் அது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

எந்தக் குணம் மதிப்புக்குரியது

கடின உழைப்பு, எளிமை, தைரியம் என்று பட்டியல் போடுவது சுலபம். ஒரு குணம் ஒருவரிடம் நிஜமாகவே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் உரைகல் வேண்டும். எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான்: அந்தக் குணத்துக்காக அவர் எதை இழந்தார்? வாடகை பாக்கி இல்லாத மாதத்தில் 11 கிராமைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். எதிர்ப்பே இல்லாத கூட்டத்தில் தைரியமாகப் பேசுவதும் சுலபம். தனக்கு நட்டம் வரும் இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

கலாமைப் பற்றி எழுத வந்த பெண்ணுக்கு ஒரு சம்பவம் சொன்னேன். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை ஏவினார்கள். திட்ட இயக்குநர் கலாம். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் காத்திருக்கிறார்கள். அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சதீஷ் தவான் தாமே அவர்கள் முன் போய் உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். என் குழுவின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை வெல்வார்கள் என்றார். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. இந்த முறை பத்திரிகையாளர்களிடம் பேசத் தவான் கலாமை அனுப்பினார். பழி வரும்போது முன்னால் நின்றவர், பாராட்டு வரும்போது பின்னால் நகர்ந்துகொண்டார். கலாம் இதைப் பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொன்னார்.

“அப்ப கலாமுக்கே ஒரு ரோல் மாடல் இருந்திருக்காரா மாமா?” என்றாள். அவள் கண் விரிந்தது அந்த இடத்தில்தான்.

தூரத்து நட்சத்திரமும் பக்கத்து வீட்டு விளக்கும்

பெரிய சாதனையாளர்களைப் பார்த்தால் எல்லோருக்கும் உற்சாகம் வரும் என்று நினைக்கிறோம். சிலருக்குச் சோர்வும் வரும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெனலப்பி லாக்வுட், சீவா குண்டா என்ற இரு உளவியலாளர்கள் 1997-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே படிப்பில் நான்காம் ஆண்டில் பிரமாதமாகச் சாதித்த ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு அது ஊக்கமாக இருந்தது, தங்களைப் பற்றியே உயர்வாக நினைத்தார்கள். நான்காம் ஆண்டு மாணவர்களிடம் அந்த ஊக்கத்தைக் காணோம். முதலாண்டு மாணவருக்கு முன்னால் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, ‘நானும் ஆகலாம்’. கடைசி ஆண்டில் இருப்பவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. முன்மாதிரி நம் துறைக்காரராக இருப்பதோடு, அவர் போன இடத்துக்கு நாமும் போக வழி இருக்கிறது என்று மனம் நம்பவும் வேண்டும்.

எங்கள் சேலம் மாவட்டத்துக் கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் தறி வேலை, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடியவர் 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் இறங்கினார். உடனேயே அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்று சந்தேகம் கிளம்பியது. பழகிய கையை மாற்றி, முதலிலிருந்து கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான் போனார். அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அந்த விக்கெட்டுகளை நீங்களும் நானும் எடுக்க முடியாது. தப்பு என்று சொன்ன பிறகு கோபித்துக்கொண்டு போகாமல், கையை மாற்றக் கற்றுக்கொண்ட அந்தக் காலத்தை நம்மால் கடன் வாங்க முடியும்.

அவருடைய ஐ.பி.எல். சட்டையில் பெயருக்கு முன்னால் ‘ஜே.பி.’ என்று இருந்தது நினைவிருக்கிறதா? அது, ஊரில் தன்னைக் கண்டெடுத்து வளர்த்துவிட்ட ஜெயப்பிரகாஷ் அண்ணனின் பெயர். உலகம் பார்க்கும் சட்டையில் அவர் எழுதிக்கொண்டது ஊர்க்காரர் ஒருவரின் பெயரை. சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் அகாடமியையும் தொடங்கினார்.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசும் எல்லோரும் 2016 ரியோ பாராலிம்பிக் தங்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர், அம்மா காய்கறி விற்று வளர்த்தவர், 1.89 மீட்டர் உயரம் தாண்டினார். எனக்கு அடுத்த இரண்டு எண்களும் முக்கியம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024-ல் பாரிசில் 1.85, வெண்கலம். உச்சியைத் தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே இறங்கியும், மூன்றாவது முறையும் ஓடுபாதையின் தொடக்கத்தில் போய் நின்றார். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தங்கத்தைவிட அந்த வெண்கலத்தில் கற்க நிறைய இருக்கிறது.

முன்மாதிரியிடம் குறை தெரிந்தால்?

தெரியத்தான் செய்யும். ராஜாஜி 1900 முதல் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். மாகாண முதல்வரானதும் 1937-ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். அதே ராஜாஜிதான் 1953-ல் பிள்ளைகள் பள்ளியில் பாதி நேரமும், மீதி நேரம் குடும்பத் தொழிலுமாக இருக்கும்படி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். ‘குலக்கல்வி’ என்று பெரும் எதிர்ப்பு எழுந்து, 1954-ல் பதவி விலகினார். அந்தத் திட்டம் நீடித்திருந்தால் எங்கள் குடும்பத்தில் அப்பா படித்திருக்க மாட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும், நாடே பெருமையாகப் பார்த்த பதவிகளில் இருந்தபோதும் அவர் எளிமையாக வாழ்ந்ததை நான் மதிக்கிறேன். கழுத்து ஒரு ஜாக்கெட்டிலிருந்து, கை இன்னொன்றிலிருந்து. ஒருவர் மொத்தமாகச் சரி அல்லது மொத்தமாகத் தப்பு என்று முடிவு கட்டுபவர்கள், அவரிடம் ஒரு குறை தெரிந்ததும் கற்ற நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் குறையையும் சேர்த்துக் கும்பிடுகிறார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்து. பிறருக்குத் தீங்கு செய்தவரின் ஒரு நல்ல குணத்தைக் காட்டி, அந்தத் தீங்கை மன்னிக்கச் சொல்லவும் கூடாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் யாரையாவது கவனி. பெரிய ஆளாக இருக்க வேண்டாம். அவர் செய்த ஒரு காரியத்தை ‘நல்லவர்’, ‘பொறுமைசாலி’ போன்ற சொற்கள் இல்லாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

புதன்கிழமை அவர்கள் குடும்பத்தோடு ஏற்காடு போய்ப் பேருந்தில் இறங்கி வந்தார்கள். அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் மேலே ஏறி வந்த கார் ஒன்று தப்பான பக்கம் திரும்பி நடுவில் நின்றுவிட்டது. ஓட்டியவர் சின்னப் பையன், வெளியூர்க்காரர், கை நடுங்குகிறது. பேருந்துக்குள் ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். அவள் நோட்டில் எழுதியிருந்தது இது:

“டிரைவர் அண்ணா ஹாரன் அடிக்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். இறங்கிப் போனார். கார் ஜன்னலில் கை வைத்து, ‘பயப்படாதீங்க தம்பி, ஃபர்ஸ்ட் கியர்லயே வாங்க, நான் சைடு பாத்துச் சொல்றேன்’ என்றார். கார் போனதும் வந்து உட்கார்ந்தார். ‘ஏன் சார் இவ்ளோ நேரம்?’ என்று ஒருவர் கத்தினார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.”

பேச்சில் கலாம் இருக்கிறார். 1979-ம் இருக்கிறது. கடைசிப் பத்தியில் இந்த ஓட்டுநர் வருகிறார். பேச்சு வெள்ளிக்கிழமை. மூன்று நிமிடத்துக்குள் அடங்கவில்லை என்று நேற்று இரவு கடிகாரத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் தண்ணீர் குடித்த வரியை மட்டும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.